வீட்டு இணையத்துக்கு வெளி ஆண்டெனா: வலிமையா, திசையா?

சிம் அட்டையில் இயங்கும் ரவுட்டரை வைத்துக்கொண்டு வீட்டின் இணையத் தேவையைச் சமாளிக்கும் குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். கேபிள் இழுக்கவே இடமில்லாத பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து வீடுகளிலும், சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிக்காத தண்டையார்பேட்டை வாடகைக் குடித்தனங்களிலும், வீடு மாறும்போது இணைப்பையும் கையோடு எடுத்துச் செல்ல விரும்புவோரிடத்திலும் இதுவே வழக்கம். இந்த வீடுகளில் வேகம் குறையத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை, “மாடியில ஒரு ஆண்டெனா வெச்சுடு, எல்லாம் சரியாயிடும்” என்பதுதான்.

யோசனையில் பிழையில்லை, அதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் பிழை இருக்கிறது. காற்றிலுள்ள சிக்னலை ஆண்டெனா இழுத்து வந்து பெருக்கித் தருகிறது, ஆண்டெனா பெரிதானால் இழுப்பதும் கூடும் என்பது பரவலான எண்ணம். ஆனால் இத்தகைய ஆண்டெனாவுக்குள் மின்சாரத்தால் இயங்கும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே அது எதையும் பெருக்குவதில்லை. ஒரு திசையிலிருந்து வரும் அலையைக் கூடுதலாகத் திரட்டுகிறது. அதற்கு விலையாக மற்றத் திசைகளைக் கைவிடுகிறது. எந்த இடத்தில், எந்தத் திசையை நோக்கி, எந்த அலைவரிசைக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் வாங்கப்படும் ஆண்டெனா, மொட்டை மாடியில் காக்கை உட்காரும் கம்பியாகவே முடிகிறது.

குறைபாடு எந்த அலையில்?

வீட்டு இணையத்தில் இரண்டு வேறு அலைகள் வேலை செய்கின்றன. ரவுட்டருக்கும் நிறுவனத்தின் கோபுரத்துக்கும் இடையில் ஓடுவது மொபைல் அலை. ரவுட்டருக்கும் கையிலுள்ள போனுக்கும் இடையில் ஓடுவது வைஃபை அலை. போன் திரையில் விசிறி வடிவில் தெரியும் கோடுகள் இந்த இரண்டாவது அலையை மட்டுமே காட்டுகின்றன. கூடத்தில் நன்றாக ஓடும் வீடியோ சமையலறைக்குப் போனதும் நின்றுவிட்டால், குறை வைஃபையில் இருக்கிறது. மாடியில் எவ்வளவு விலையுயர்ந்த ஆண்டெனாவை நட்டாலும் சமையலறைக்கு அதனால் ஒரு பயனும் இராது. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றுவதோ, இரண்டாவது வைஃபைக் கருவி ஒன்றை வைப்பதோதான் அதற்கு மருந்து.

இதைப் பிரித்தறிவது எளிது. மற்றக் கருவிகளை அணைத்துவிட்டு, ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று வேகத்தைச் சோதிக்க வேண்டும். அங்கேயும் வேகம் இல்லை என்றால் மட்டுமே மொபைல் அலையைச் சந்தேகிக்கலாம்.

அதே சோதனையை விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் செய்து பார்ப்பது நல்லது. காலையில் வேகமாகவும் இரவில் மந்தமாகவும் இருந்து, சிக்னல் மட்டும் மாறாமல் இருக்குமானால், அது நெரிசல். ஒரு கோபுரத்தின் கொள்ளளவைத் தெருவே பங்கிட்டுக்கொள்ளும் நேரம் அது. கூட்டம் குறைந்த வேறொரு கோபுரத்தை நோக்கித் திருப்ப முடிந்தாலன்றி, ஆண்டெனாவால் நெரிசலைத் தீர்க்க முடியாது.

ஏலக் கூச்சலில் ஒரு குரல்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் அதிகாலை ஏலத்தில் நின்றவர்களுக்கு அந்த இடத்தின் சத்தம் தெரியும். பலர் ஒரே நேரத்தில் விலை கூவுகிறார்கள். அவர்களில் ஒருவரின் குரல் மட்டும் நமக்கு வேண்டும். அவர் பக்கம் திரும்பி, காதோரம் கையைக் குவிக்கிறோம். குவித்த கை அவருடைய குரலை உரக்கச் செய்வதில்லை. அவரிடமிருந்து வரும் ஒலியைச் சற்றுக் கூடுதலாகக் காதுக்குள் திருப்புகிறது. முதுகுக்குப் பின்னால் கூவுகிறவரின் ஒலியைச் சற்று மறைக்கிறது. இந்த இரண்டாவது உதவிதான் பல நேரங்களில் முதலாவதைவிடப் பெரியது. கையைத் தவறான ஆளை நோக்கிக் குவித்தால் முன்பிருந்ததைவிட நிலைமை மோசமாகும். ஐஸ் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு கையைக் குவிப்பதைக் காட்டிலும் இரண்டடி நகர்ந்து நிற்பது மேல். நாம் சொல்லும் விலையும் அவருக்குக் கேட்டால்தான் வியாபாரம் நடக்கும்.

திசைநோக்கு ஆண்டெனா செய்வதும் இவ்வளவே. கோபுரம்தான் ஏலம் கூவுகிறவர். பக்கத்துக் கோபுரங்கள் மற்றக் குரல்கள். ஆண்டெனா குவித்த கை. கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது. நம் வீட்டு ரவுட்டரோ, போனைப் போலவே, பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட் ஆற்றலில் பதில் சொல்கிறது. ஆகவே சிக்னல் பலவீனமான வீட்டில் முதலில் அறுந்துபோவது நம் பதில்தான். வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவர் நமக்குத் தெளிவாகத் தெரிய, அவருக்கு நம் முகம் உறைந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆண்டெனா கேட்பதற்கு எவ்வளவு உதவுகிறதோ அதே அளவு பேசுவதற்கும் உதவும் என்பதால், நல்ல ஆண்டெனாவின் பலன் பெரும்பாலும் பதிவேற்ற வேகத்திலேயே முதலில் தெரியும்.

கோடுகள் சொல்லாததை எண்கள் சொல்லும்

ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபையில் இணைந்த போனின் உலாவியில் அதைத் தட்டி, அதே சீட்டிலுள்ள கடவுச்சொல்லைக் கொடுத்தால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். நெட்வொர்க் நிலை குறித்த பகுதியில் பல எண்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் இரண்டு போதும்.

முதலாவது ஆர்எஸ்ஆர்பி. கோபுரம் தன்னை அடையாளம் காட்ட இடைவிடாமல் அனுப்பும் அலை, நம்மிடம் வந்து சேரும்போது எவ்வளவு வலிமையோடு இருக்கிறது என்பதன் அளவு இது. டிபிஎம் என்ற அலகில், எப்போதும் கழித்தல் குறியோடு வரும். சுழியை நெருங்க நெருங்க வலிமை அதிகம். −80 என்றால் நல்ல நிலை. −100 என்றால் சுமார். −110ஐத் தாண்டினால் பலவீனம். −120 அருகே இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும்.

இரண்டாவது எஸ்ஐஎன்ஆர். நாம் கேட்க விரும்பும் அலை, மற்றக் கோபுரங்களின் குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்த கூச்சலுக்கு மேல் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதை இது டெசிபலில் சொல்கிறது. 20க்கு மேல் மிக நன்று. 13க்கு மேல் நன்று. ஒற்றை இலக்கத்தில் இருந்தால் இழுபறி. சுழிக்குக் கீழே போனால் கூச்சலே குரலைவிடப் பெரிது. வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த எண்தான். அலை தெளிவாகக் கேட்கிறது என்று ரவுட்டர் அறிவித்தால், கோபுரம் ஒவ்வொரு அலைத்துடிப்பிலும் கூடுதல் தகவலை அடைத்து அனுப்பும். தெளிவில்லை என்றால் குறைவாக, திரும்பத் திரும்ப அனுப்பும்.

டெசிபல் என்பது மடங்குகளைக் குறிக்கும் அலகு. 3 டெசிபல் கூடினால் இரு மடங்கு; 10 கூடினால் பத்து மடங்கு; 20 கூடினால் நூறு மடங்கு. ஆகவே −90க்கும் −110க்கும் இடையிலுள்ள வேறுபாடு, பார்வைக்குச் சிறியதாக இருந்தாலும், நூறு மடங்கு வேறுபாடு.

இரண்டு வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். தங்கசாலையை ஒட்டிய ஒரு முதல் மாடி வீட்டில் ஆர்எஸ்ஆர்பி −85, எஸ்ஐஎன்ஆர் 1. மணலியைத் தாண்டிய ஒரு தனி வீட்டில் ஆர்எஸ்ஆர்பி −112, எஸ்ஐஎன்ஆர் 9. முதல் வீட்டுப் போனில் மொபைல் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், இணையம் ஊரும். இரண்டாவது வீட்டில் ஒரே கோடு நிற்கும், ஆனால் வேலை ஓரளவு நடக்கும். நெருக்கமாகக் கோபுரங்கள் நிற்கும் முதல் வீட்டின் நோய் குறுக்கீடு; இரண்டாவது வீட்டின் நோய் தூரம். இரண்டு வீட்டாரும் ஒரே கடையில் ஒரே ஆண்டெனாவை வாங்குவது பொருத்தமாகாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: குறை மொபைல் அலையில்தான் என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்; பிறகு ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் எண் குரலின் வலிமை. இரண்டாவது எண் குரலின் தெளிவு.

செலவில்லாத சோதனை

ஆண்டெனா வாங்கும் முன் ரவுட்டரையே நகர்த்திப் பார்ப்பதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், அலமாரியின் கீழ்த்தட்டில் என்று ரவுட்டரை ஒளித்து வைப்பது நம் வீட்டு வழக்கம். கம்பி கட்டிய கான்கிரீட் தளமும், தகரக் கூரையும், தண்ணீர் நிறைந்த தொட்டியும் மொபைல் அலைக்குப் பெரும் தடைகள். ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்த மாத்திரத்திலேயே 10 டெசிபல் வரை கூடுவது அபூர்வமல்ல. நடுத்தர ஆண்டெனா ஒன்று தரும் பலன் ஏறத்தாழ அவ்வளவுதான். நெருக்கமான தெருக்களில் உள்ள வீடுகளில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

எந்த ஜன்னல் என்பதிலும் ஊரின் அமைப்பு பேசும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கடற்கரையோர வீடுகளில் காற்று வரும் கிழக்கு ஜன்னலில்தான் சிக்னலும் வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கடலுக்குள் கோபுரம் கிடையாது. நிலத்தைப் பார்த்த மேற்கு ஜன்னலையோ, கடற்கரைச் சாலையின் வடக்கு தெற்காகப் பார்வை நீளும் மூலையையோ சோதிக்க வேண்டும். டோல்கேட் தொடங்கி விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் உயர்பாலத்தில் செல்கிறது. அந்தக் கான்கிரீட் பாலம் எதிரில் நிற்கும் முதல் மாடி ஜன்னலைவிட, அதே வீட்டின் மொட்டை மாடியோ பின்பக்க ஜன்னலோ நல்ல எண்களைத் தரக்கூடும்.

ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதவர்கள், அதே நிறுவனத்தின் சிம் உள்ள ஆண்ட்ராய்டு போனில் *#*#4636#*#* என்று தட்டிப் பார்க்கலாம். பல போன்களில் சிக்னல் வலிமையைக் காட்டும் பக்கம் திறக்கும். போனின் எண்ணும் ரவுட்டரின் எண்ணும் ஒன்றாக இரா. ஆனால் எந்த மூலை மேல், எந்த மூலை கீழ் என்ற வரிசை பெரும்பாலும் ஒத்துப்போகும்.

கெயின் என்ற எண்ணும் அதன் மயக்கமும்

ஆண்டெனாப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது கெயின். எல்லாத் திசைகளிலும் சமமாகக் கேட்கும் ஒரு கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டால், இந்த ஆண்டெனா தன் முகப்புத் திசையில் எத்தனை டெசிபல் கூடுதலாகத் திரட்டுகிறது என்பதே இதன் பொருள், அலகு டிபிஐ. கூடுதலாகத் திரட்டுவது வேறெங்கிருந்தும் வருவதில்லை, மற்றத் திசைகளிலிருந்து எடுக்கப்படுவது. அதனால் கெயின் ஏற ஏற ஆண்டெனாவின் பார்வை குறுகுகிறது. ஏறத்தாழ 10 டிபிஐ கொண்ட பலகை ஆண்டெனா 60 பாகை அகலத்துக்குப் பார்க்கும். 15 டிபிஐ கொண்டது அதில் பாதியளவே பார்க்கும். குறுகிய பார்வை கோபுரம் தெளிவாகத் தெரியும் இடத்தில் வரம். சந்துக்குள், சுவர்களில் மோதி மோதி வரும் அலையை நம்பியிருக்கும் வீட்டில் சாபம்.

“அண்ணே, இது 35 டிபி, சிக்னல சும்மா இழுத்துக்கினு வரும்” என்று கடையில் சொல்லக் கேட்டவர்கள் இருப்பார்கள். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அந்த அலையில் 35 டிபிஐ கெயின் வேண்டுமென்றால் ஏறத்தாழ 4 மீட்டர் விட்டமுள்ள டிஷ் தேவைப்படும். ஒரு பையில் போட்டுக் கையில் கொடுக்கப்படும் ஆண்டெனாவுக்கு அந்த எண் எந்தக் கணக்கிலும் பொருந்தாது. ஓரடி அளவுள்ள பலகை ஆண்டெனாவில் 8 முதல் 11 வரை எழுதியிருந்தால் அந்தத் தயாரிப்பாளர் நேர்மையாகப் பேசுகிறார் என்று கொள்ளலாம்.

உயரம் எப்போதும் நன்மை செய்யுமா?

தூரம்தான் நோய் என்றால் உயரம் மருந்து. மீஞ்சூர், செங்குன்றம் பக்கத்து வீடுகளில் ஆண்டெனாவை மரங்களுக்கு மேலே உயர்த்துவது நேரடியாகப் பலன் தரும். பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ கதை வேறு. மூன்றாவது மாடிக்கு மேல் கம்பம் நட்டால் நமக்கு வேண்டிய கோபுரம் நன்றாகத் தெரியும். வேண்டாத ஐந்தாறு கோபுரங்களும் அதே அளவு நன்றாகத் தெரியும். ஒரே நிறுவனத்தின் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் பேசுவதால், ஆர்எஸ்ஆர்பி உயர்ந்து எஸ்ஐஎன்ஆர் சரிவது அங்கே நடக்கும். கோடுகள் கூடியும் வேகம் குறைந்துவிட்டதே என்று வீட்டார் குழம்புவதன் பின்னணி இதுதான். அத்தகைய இடத்தில் கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்திலேயே, படிக்கட்டு அறைச் சுவர் பின்னாலிருந்து மறைக்குமாறு, ஆண்டெனாவைத் தாழ்வாக வைப்பது சில வேளைகளில் மிகச் சிறந்த இடமாக அமைகிறது. சுவர் வேண்டாத குரல்களை இலவசமாகத் தடுத்துவிடுகிறது.

எந்த அலைவரிசைக்கு?

அலைவரிசை என்பது அலை ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதைப் பொறுத்த பிரிவு, மெகாஹெர்ட்ஸில் சொல்லப்படும். நம் நாட்டில் ஜியோ தன் 4ஜி சேவைக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் பிரிவுகளைப் பயன்படுத்துகிறது. ஏர்டெல் 900, 1800, 2100, 2300 பிரிவுகளைப் பயன்படுத்துகிறது. பிஎஸ்என்எல் 4ஜி 700, 2100 பிரிவுகளில் இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவைக்கு 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பிரிவு முதன்மையானது. ஜியோ அதோடு 700ஐயும் வைத்திருக்கிறது. எண் சிறியதானால் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும்; பெரியதானால் வேகம் தரும் அகலம் கிடைக்கும், ஆனால் சுவருக்குச் சீக்கிரம் தோற்றுவிடும்.

ரவுட்டரின் உள்பக்கத்திலேயே அது இப்போது எந்தப் பிரிவில் இணைந்திருக்கிறது என்று காட்டும். ஆண்டெனாவின் விவரத் தாளில் அந்த எண் அடங்குகிறதா என்று பார்ப்பது கெயினைப் பார்ப்பதைவிட முக்கியம். ‘698–2700’ என்று எழுதப்பட்ட ஆண்டெனா 4ஜிக்குப் போதும். 5ஜியின் 3300க்கு அதைப் பொருத்திவிட்டுப் பலனை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. பெட்டியின் மேல் ‘5ஜி’ என்று ஒட்டியிருப்பது சான்றாகாது, எண்ணே சான்று.

இரண்டு கேபிள்கள் ஏன்?

4ஜி ரவுட்டர் ஒரே நேரத்தில் இரண்டு ஆண்டெனாக்களால் இரண்டு தனித்தனித் தகவல் ஓடைகளைப் பெறுகிறது. இந்த முறைக்கு மிமோ என்று பெயர். இரண்டு ஓடைகளும் கலந்துவிடாமல் இருக்க, ஒன்றின் அலை ஒரு சாய்வில் அதிரும், மற்றதன் அலை அதற்குச் செங்குத்தான சாய்வில் அதிரும். ஒற்றைக் கேபிள் கொண்ட மலிவான ஆண்டெனாவைப் பொருத்தினால் ஓர் ஓடை மாடியிலிருந்தும் மற்றது வீட்டுக்குள்ளிருந்தும் வந்து, எண்கள் நன்றாகத் தெரிந்தும் வேகம் பாதியில் நிற்கக்கூடும். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆண்டெனாக்களும் இரண்டு கேபிள்களும் கொண்டதையே வாங்க வேண்டும். 5ஜி ரவுட்டர்களில் நான்கு வரை இருப்பதுண்டு.

கேபிளைப் பொருத்தும் துளை ரவுட்டரில் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே திருப்பிப் பார்த்துவிட வேண்டும். பல ரவுட்டர்களில் இல்லை. திருகும் வகை எஸ்எம்ஏ எனப்படும். கையடக்க ரவுட்டர்களில் அழுத்திச் செருகும் சிறிய டிஎஸ்-9 இருக்கும். வைஃபைக்கான ஆர்பி-எஸ்எம்ஏ பார்ப்பதற்கு எஸ்எம்ஏ போலவே இருக்கும், திருகவும் ஒத்துழைக்கும், ஆனால் நடு ஊசியின் இடம் மாறியிருப்பதால் உள்ளே தொடர்பே ஏற்படாது. ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் ரவுட்டரைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

கேபிள் தின்னும் பங்கு

வாங்குகிறவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், மிக அதிகமாகக் கெடுப்பதும் கேபிள்தான். 1800 மெகாஹெர்ட்ஸில், ஆர்ஜி-174 என்ற பென்சில் முனைக் கனமுள்ள கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் 1 டெசிபலுக்கும் மேல் விழுங்கும். எல்எம்ஆர்-200 ஏறத்தாழ அரை டெசிபல் விழுங்கும். விரல் கனமுள்ள எல்எம்ஆர்-400 ஏறத்தாழ 0.2 டெசிபல் விழுங்கும். இரண்டாவது மாடியின் மேல்தளத்திலிருந்து தரைத்தள வீட்டுக்கு 10 மீட்டர் கேபிள் வேண்டும் என்று கொள்வோம். 10 டிபிஐ ஆண்டெனா திரட்டிய முழுவதையும் முதல் வகைக் கேபிள் வழியிலேயே தின்று தீர்த்துவிடும். இரண்டாவது வகை பாதியைத் தின்னும். மூன்றாவது 2 டெசிபலோடு விட்டுவிடும். அலைவரிசை உயர உயர இழப்பும் கூடும் என்பதால், 5ஜிக்கு நிலைமை இன்னும் கடினம்.

இதிலிருந்து ஒரு நல்ல மாற்று வழி பிறக்கிறது. ஆண்டெனாவை ரவுட்டரிடம் கொண்டுவருவதற்குப் பதிலாக ரவுட்டரை ஆண்டெனாவிடம் கொண்டுபோகலாம். மாடிப்படி அறையில் ரவுட்டரை வைத்து, ஓரிரு மீட்டர் கேபிளில் ஆண்டெனாவை இணைத்து, அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் கேபிளை இறக்கலாம். லேன் கேபிளில் தகவல் எண்களாகப் பயணிப்பதால் 100 மீட்டர் வரை இழப்பைப் பற்றிக் கவலையில்லை. ஆண்டெனாவும் ரவுட்டரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய வெளிப்புற ரவுட்டர்கள் இந்த யோசனையின் முழு வடிவம். 2023 முதல் ஏர்ஃபைபர் என்ற பெயரில் நிறுவனங்கள் மாடியில் பொருத்தித் தருவதும் இந்த வகைக் கருவியையே. சென்னை மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் சாதாரண ரவுட்டர் சூடேறித் தடுமாறும் என்பதால், காற்றோட்டமும் நிழலும் உள்ள இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

சுருக்கமாக: ரவுட்டரின் அலைவரிசைக்குப் பொருந்துவதாக, இரண்டு கேபிள் கொண்டதாக, மிதமான கெயின் உடையதாக ஆண்டெனா இருக்க வேண்டும், கேபிள் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும்.

வடிவங்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு மாடிதோறும் முளைத்த மீன்முள் வடிவ ஆண்டெனா, 1926இல் ஜப்பானின் உடாவும் யாகியும் உருவாக்கிய யாகி வகையின் வாரிசு. நீண்ட பார்வை உடையது. ஆனால் பொதுவாக ஒரு குறுகிய அலைவரிசைக்கே வெட்டப்படுவது. 1800க்கான யாகி 2300இல் ஏமாற்றும். ஏறக்குறைய அதே தோற்றத்தில், முள்கள் படிப்படியாகக் குறுகிச் செல்லும் லாக் பீரியாடிக் வகை பல அலைவரிசைகளையும் ஏற்கும். தட்டையான பலகை வகை காற்றுக்கு அடங்கி நிற்கும், இரண்டு ஆண்டெனாக்களையும் உள்ளடக்கியே வரும். வடசென்னை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். எல்லாத் திசையும் பார்க்கும் குச்சி வகை, குறுக்கீடு மிகுந்த தெருவில் கூச்சலையும் சேர்த்தே கொண்டுவரும்.

பூஸ்டர் வேறு, ஆண்டெனா வேறு

கடைகளில் ஆண்டெனாவோடு சேர்த்துக் காட்டப்படும் பூஸ்டர் அல்லது ரிப்பீட்டர், மின்சாரத்தில் இயங்கி அலையைப் பெருக்கி மறுபடி வீசும் கருவி. உரிமம் பெற்ற சேவை நிறுவனங்கள் தவிர்த்து, தனியார் இதை நிறுவுவதும் விற்பதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை அறிவித்துள்ளது. காரணம் நியாயமானது: தரமற்ற பூஸ்டர் வீசும் இரைச்சல் கோபுரத்தின் காதை அடைத்துவிடுவதால், தெரு முழுவதற்கும் சேவை கெடும். பக்கத்து வீட்டு இணையம் நொண்டுவதற்கு நம் வீட்டுப் பூஸ்டர் காரணமாக இருப்பதை யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள் என்பதே இதிலுள்ள அநியாயம்.

திருப்புதலும் பொருத்துதலும்

தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் பகுதிக் கோபுரங்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் காணலாம். எந்தத் திசையில் தொடங்குவது என்பதற்கு அது உதவும், முடிவைத் தராது. கோபுரம் பொதுவாக மூன்று பக்கங்களாகப் பிரித்தே அலை வீசுகிறது. மிக அருகிலுள்ள கோபுரத்தின் இரண்டு பக்கங்களுக்கு இடையிலான ஓரத்தில் நம் வீடு விழுந்திருந்தால், சற்றுத் தொலைவிலுள்ள கோபுரமே நல்ல பலனைத் தரும்.

ஆண்டெனாவைக் கம்பத்தில் தளர்வாக மாட்டி, போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, 20, 30 பாகையாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடமாவது காத்திருந்து, எஸ்ஐஎன்ஆர், ஆர்எஸ்ஆர்பி, இணைந்துள்ள செல் எண் (எந்தக் கோபுரத்தின் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் அடையாள எண்) ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. எண்கள் உடனே மாறுவதில்லை, அவசரப்பட்டுத் திருப்புகிறவர் முந்தைய திசையின் எண்ணைப் படித்துக்கொண்டிருப்பார். எஸ்ஐஎன்ஆர் மிக உயர்ந்த திசையில் நிறுத்தி, பதிவேற்ற வேகத்தையும் பார்த்த பிறகே திருகை இறுக்க வேண்டும்.

மேலே மின்கம்பி செல்லும் தெருக்களில், கம்பம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. ஆகவே செங்கல் சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கட்டிய கயிறு இந்த ஊருக்குப் போதாது. இடி மின்னல் நேரத்தில் ரவுட்டரின் மின் இணைப்பையும் ஆண்டெனாக் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது.

கடலிலிருந்து வரும் உப்புக்காற்றும் எண்ணூர், மணலித் தொழிற்சாலைப் புகையும் வெறும் இரும்புப் பிடிகளையும் திறந்த இணைப்புகளையும் வேகமாக அரிக்கின்றன. பிடிகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். இணைப்புகளின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அதைக் கீழ்நோக்கி வளைத்துத் தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், துளை வழியே ரவுட்டருக்கு இறங்காது. ஐப்பசி மழை தொடங்கும் முன் நாடாவைப் பிரித்துப் பார்த்து, உள்ளே பச்சை படிந்திருந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் இணைப்பானையே மாற்றிவிடலாம்.